பெரிய கங்காணியும் கிழிந்த திரையும்

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் பேசுகிறவர்கள் இயேசுவின் தாகத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அவர் உயிர்விட்டதும் எருசலேம் ஆலயத்துத் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்ததை மட்டும் பூமியதிர்ச்சியோடு சேர்த்து வேகமாகக் கடந்துவிடுவார்கள். இலங்கையில், மாத்தளை மலையின் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அந்தத் திரை சட்டென்று புரியும் என்பது என் எண்ணம்.

திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலம். வருஷத்தில் ஒரு நாள், பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும் பலியின் இரத்தத்தோடு உள்ளே போகலாம். மற்றவர்கள் வெளியேதான்.

நம் மலைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த சனங்களுக்கும் தோட்டத்தை நடத்திய துரைக்கும் நடுவே பெரிய கங்காணி இருந்தார். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் கட்டியவர் அவர். பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், நின்ற ஆட்களின் எண்ணிக்கைக்குத் தலைக்காசு வாங்கியவரும் அவர். கடன் கணக்கும் அவர் கையில். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று துரை எழுதும் சீட்டு அது. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அழியாது, ஆளோடு சேர்ந்து அடுத்த மலைக்கும் நடந்து வரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள். கங்காணியை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. காய்ச்சலில் கிடந்தவனுக்காகத் துரையிடம் போய்ப் பேச அவரை விட்டால் ஆளில்லை. ஆனாலும் துரைக்கும் ஆளுக்கும் இடையே தூரம் இருந்தவரைதான் அவருக்குப் பிழைப்பு.

தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே ஒரே மத்தியஸ்தர், அவர் கிறிஸ்து என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்கிறது. அப்படியென்றால் இவரும் இன்னொரு கங்காணிதானே, நேர்வழி எங்கே வந்தது? கேட்க வேண்டிய கேள்விதான். கொலோசெயர் நிருபத்தில் அதற்குப் பதில் இருக்கிறது: நம் பேரில் இருந்த கடன்சீட்டைக் கிறிஸ்து சிலுவையோடு சேர்த்து ஆணியடித்துத் தொலைத்துவிட்டார். எபிரெயர் நிருபம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. திரை என்பதே அவருடைய மாம்சம்தான், அதனூடே உள்ளே போகும் வழி திறந்தது, தைரியமாக வாருங்கள் என்கிறது. கங்காணி கடனை வைத்துக்கொண்டு பிழைத்தார். இவர் கடனை உயிரால் தீர்த்துவிட்டு, ஆளைக் கையோடு உள்ளே கூட்டிப் போகிறார்.

இந்தச் செய்தி தோட்டத்துக்கு வந்த விதமும் விசித்திரம். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். கோப்பித் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். துரைமார் காசில் நடந்த மிஷன், துரைக்கும் மேலான ஒருவரிடம் நேரே பேசலாம் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது! சொன்னதையெல்லாம் சபைகளே ஏற்றுக்கொண்டன என்று நினைக்க வேண்டாம். அந்த மிஷனுக்கு முன்பே, திருவிருந்தில் சாதி பார்க்கக் கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களில் பலர் கொதித்தெழுந்தார்கள். கிழிந்த திரையைத் தைத்து மாட்டுவதில் நமக்குக் கைதேர்ந்த அனுபவம் உண்டு.

இப்போதும் தைக்கிறோம். ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது நல்லதுதான், வேதமே சொல்கிறது. ஆனால் போதகர் ஐயா ஜெபித்த எண்ணெய்ப் போத்தலுக்கும் காணிக்கைக் கவருக்கும் வரிசை நிற்பதைப் பார்த்தால் எனக்குத் தலைக்காசு நினைவுக்கு வருகிறது. அப்படி நின்ற, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம், நீங்களே வீட்டில் இருந்து கேட்டால் ஆகாதா என்றேன்.

"ஆகும் தம்பி. ஆனா ஐயா கேட்டா சீக்கிரம் கெடைக்கும்."