பழைய வீட்டை இடிக்காதீர்கள், வாசல் வையுங்கள்

கல்லூரியில் ஜாவா, டாட் நெட் என்று படித்துவிட்டு வங்கி, காப்பீடு சம்பந்தப்பட்ட பிராஜெக்டுக்குப் போகிறவர்களில் பலருக்கு முதல் வாரமே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை! அந்த நிறுவனத்தின் உயிரே அந்தத் திரைக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும். "இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினால் என்ன?" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலும் சரியான பதில், "வேண்டாம், வாசல் வைத்தால் போதும்" என்பதே. அந்த வாசலுக்குப் பெயர்தான் சேவை சார்ந்த கட்டமைப்பு, சுருக்கமாக எஸ்.ஓ.ஏ. 1996ல் கார்ட்னர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் இது.

பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. "இந்தக் கணக்கில் இருப்பு எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வர வேண்டும். கேட்பது வெப்சைட்டா, ஏ.டி.எம்மா, செல்போனா என்று பதில் சொல்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பதில் சொல்வது 1975ல் எழுதிய புரோகிராமா, போன வாரம் எழுதியதா என்று கேட்கிறவருக்கும் தெரிய வேண்டியதில்லை. இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் மட்டும் இருக்கும். என்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்கலாம், என்ன பதில் வரும்... அவ்வளவுதான். ஒப்பந்தம் மாறாதவரை உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

<b>ரயில் டிக்கெட்டைப் பாருங்கள்</b>

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ரயில் முன்பதிவு. ரயில்வேயின் கணினி முன்பதிவு 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கியது. பிறகு ரயில்வேயின் கணினிப் பிரிவான கிரிஸ், 'கான்செர்ட்' என்ற மென்பொருளை உருவாக்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய 5 மையங்களும் 1999ல் அதன் மூலம் ஒன்றோடொன்று இணைந்தன. அதை எழுதியவர்கள் மனதில் கவுன்ட்டரும் கிளார்க்கும் வரிசையும்தான் இருந்திருக்க வேண்டும்.

2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி இணையதளம் வந்தது. அப்போது அந்தப் பழைய அமைப்பை யாரும் இடிக்கவில்லை. இணையதளத்துக்கென்று தனியாக ஒரு சீட்டுக் கணக்கும் தொடங்கவில்லை. வெப்சைட்டும், கவுன்ட்டர் கிளார்க்கைப் போலவே, அதே பழைய அமைப்பிடம்தான் இடம் கேட்டது. முதலில் டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது. 2005ல் வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. 2014ல் இணையதளத்தின் மென்பொருளே மாறியது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனதாக ரயில்வே சொன்னது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் ஒன்று மட்டும் மாறவில்லை. எந்த பெர்த் யாருக்கு என்று முடிவு செய்யும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதனால்தான் கவுன்ட்டரில் ஒருவரும் வெப்சைட்டில் ஒருவரும் ஒரே நொடியில் கேட்டாலும், ஒரே பெர்த் இரண்டு பேருக்குப் போவதில்லை.

ரயில்வே இதை எஸ்.ஓ.ஏ என்று பெயர் சூட்டிச் செய்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. தத்துவம் அதுதான்: ஒரு தகவலுக்கு ஒரு சொந்தக்காரர், கேட்பதற்குப் பல வாசல்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. தட்கல் நேரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்து நொந்துபோகாதவர் யார்? நள்ளிரவையொட்டிச் சிறிது நேரம் முன்பதிவு நின்றுபோவதும் பல வருடப் பழக்கம். வாசலை அகலமாக்கினால் கூட்டம் கூடும். உள்ளே இருக்கும் அடுப்பு அதே பழைய அடுப்பு. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் கொடுக்கும் மைய அமைப்பை 1.5 லட்சத்துக்கு உயர்த்தப் போவதாக 2025ல் ரயில்வே அறிவித்தது. வாசல் வைப்பது முதல் படிதான், கடைசிப் படி அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

<b>ஒரே ராத்திரியில் வீடு மாறினால்...</b>

இனி மறுபக்கம். இங்கிலாந்தில் டி.எஸ்.பி என்று ஒரு வங்கி. லாய்ட்ஸ் வங்கியிடமிருந்து பிரிந்த பிறகும் லாய்ட்ஸின் கணினி அமைப்பிலேயே, அதற்குக் கட்டணம் கட்டி, ஓடிக்கொண்டிருந்தது. 2015ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி டி.எஸ்.பியை வாங்கியது. பழைய அமைப்பிலிருந்து சபாடெல்லின் புதிய அமைப்புக்கு வாடிக்கையாளர்களை மொத்தமாக மாற்ற முடிவானது. 52 லட்சம் பேர். அதுவும் 2018 ஏப்ரலில் ஒரே வாரக் கடைசியில்!

திங்கள்கிழமை என்ன ஆனது? லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு விவரம் தெரிந்தது. எல்லாம் சீராக அந்த வருடம் டிசம்பர் ஆகிவிட்டது. தலைமை அதிகாரி செப்டம்பரிலேயே பதவி விலகினார். 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல்.

அபராதத்தை வங்கி கட்டிவிடும். அன்றைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்ற சிறு கடைக்காரருக்கும், வாடகை கட்ட முடியாமல் நின்றவருக்கும் அந்த நாளைத் திருப்பித் தர முடியாது. பழைய சிஸ்டத்தை மாற்றுவது வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று நினைப்பவர்கள் மறக்கக் கூடாத இடம் இது.

<b>பஸ் வாங்கினார்கள், வழி கேட்கவில்லை</b>

அப்படியானால் எஸ்.ஓ.ஏ என்று ஆரம்பித்த எல்லோரும் பிழைத்துக்கொண்டார்களா? அதுவும் இல்லை. 2000களின் நடுவில் பெரிய மென்பொருள் கம்பெனிகள் 'எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்' என்ற ஒன்றைக் கூவிக் கூவி விற்றன. எல்லா சிஸ்டமும் அந்த பஸ்ஸில் ஏறினால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றார்கள். நிறுவனங்களும் வாங்கிப் போட்டன. பஸ் வந்துவிட்டது. யார் ஓட்டுவது, எந்த வழியில் போவது, யார் எங்கே இறங்குவது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. 2009 ஜனவரியில் பர்ட்டன் குரூப் ஆய்வாளர் ஆன் தாமஸ் மேன்ஸ், எஸ்.ஓ.ஏ இறந்துவிட்டது என்று இரங்கல் செய்தியே எழுதிவிட்டார். ஆனால் சேவைகள் தேவை, அவை வாழட்டும் என்றும் அவரே எழுதினார்.

தவறு எங்கே? ஒரு வங்கியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் முகவரி சேமிப்புக் கணக்கில் ஒன்று, கடன் பிரிவில் ஒன்று, கிரெடிட் கார்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. வீடு மாறியவர் ஒரு இடத்தில் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். கடன் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போகிறது. இப்போது மூன்று சிஸ்டத்தையும் பஸ்ஸில் ஏற்றினால் என்ன ஆகும்? மூன்று முகவரியும் படுவேகமாகச் சுற்றிவரும்! எது சரி என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் கொடுக்காதவரை எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. கடன் பிரிவு மேலாளர், "எங்கள் தகவலை அவர்கள் ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்பார். அந்தச் சண்டையைத் தீர்ப்பதுதான் உண்மையான வேலை. அதை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.

அமேசான் இதைப் புரிந்துகொண்டது. 2002 வாக்கில் அதன் தலைவர் ஜெஃப் பெசோஸ் ஓர் உத்தரவு போட்டதாக, அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெகி 2011ல் எழுதினார். ஒவ்வொரு குழுவும் தன் தகவலைச் சேவை வழியாக மட்டுமே தர வேண்டும், கொல்லைப்புறமாக அடுத்தவர் டேட்டாபேஸுக்குள் நுழையக் கூடாது, மீறினால் வேலை போகும் என்பது அதன் சாரம். கவனியுங்கள். எந்த மென்பொருள் வாங்குவது என்பதல்ல அந்த உத்தரவு. யார் எதற்குப் பொறுப்பு என்பதுதான்.

<b>கோபாலைத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்</b>

பழைய சிஸ்டத்தில் பெரும்பாலும் இருக்கும் மொழி கோபால். யாரோ பக்கத்து வீட்டு மாமா பெயர் அல்ல. 1959ல் பிறந்த கணினி மொழி. அதில் எழுதிய புரோகிராமுக்குள் பல வருட விதிகள் புதைந்து கிடக்கும். வட்டியை எந்தப் பைசாவில் முழுமையாக்குவது, பிப்ரவரி 29ல் தொடங்கிய வைப்புத்தொகை எந்தத் தேதியில் முதிர்வது, பழைய திட்டத்தில் சேர்ந்தவருக்கு என்ன விலக்கு... இவற்றில் பல எந்தக் கையேட்டிலும் இருக்காது. புரோகிராமில் இருக்கும். அல்லது அதை எழுதியவர் தலையில் இருக்கும்.

அவரைத்தான் பல நிறுவனங்கள் முதலில் வீட்டுக்கு அனுப்புகின்றன! 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்ஃபி, கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 40 வருடப் பழைய சிஸ்டம். அது பழையது என்பது மட்டும் பிரச்சினை அல்ல. அதைத் தெரிந்தவர்கள் அருகில் இல்லை என்பதுதான் பெரிய பிரச்சினை.

எனவே வாசல் வைக்கும் வேலையில் முதல் நாற்காலி அந்த மூத்த புரோகிராமருக்குத்தான் போட வேண்டும். எந்த வேலையைச் சேவையாக வெளியே கொடுக்கலாம், எதைத் தொட்டால் மாதக் கடைசிக் கணக்கு கவிழும் என்று அவருக்குத்தான் தெரியும்.

<b>"ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பதா?"</b>

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. வெளியே பளபளப்பான சேவை, உள்ளே அதே ஓட்டை என்றால் அது சுண்ணாம்பு அடிப்பதுதான் என்பார்கள். உண்மை. சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களும் இருக்கின்றன.

அதற்கு வழி இருக்கிறது. பனைமரத்தின் மேல் பறவை போட்ட விதையில் ஆல் முளைத்து, விழுது விட்டு, மெல்ல மெல்லப் பனையைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வகை அத்தி மரங்களை ஆஸ்திரேலியக் காட்டில் பார்த்த மார்ட்டின் ஃபவுலர், 2004ல் பழைய சிஸ்டத்தை மாற்றுவதற்கு அதையே உவமையாகச் சொன்னார். முதலில் எல்லாக் கேள்வியும் வாசல் வழியாக வரட்டும். பிறகு உள்ளே ஒவ்வொரு அறையாக மாற்றுங்கள். இன்று முகவரி, ஆறு மாதம் கழித்து வட்டிக் கணக்கு. பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓடட்டும்; இரண்டின் விடையும் ஒன்றா என்று பாருங்கள். தப்பினால் ஓர் அறைதான் கெடும். 52 லட்சம் பேர் தெருவில் நிற்க மாட்டார்கள்.

இதில் வேகம் குறைவு. இரண்டையும் சேர்த்து ஓட்டுவதால் செலவும் கூடும். "ஒரே வருடத்தில் எல்லாம் புதிது" என்று மேடையில் அறிவிக்கும் சுகமும் கிடைக்காது. ஆனால் வங்கியில் பணம் போட்டவருக்கும் உதவித்தொகைக்குக் காத்திருப்பவருக்கும் மேடைப் பேச்சு தேவையில்லை. காலையில் எழுந்தால் கணக்கு திறக்க வேண்டும்.

அடுத்து கேம்பஸ் இன்டர்வியூ முடித்து இந்த வேலைக்குப் போகப்போகும் நண்பர்களே... பச்சை எழுத்துத் திரையைப் பார்த்துச் சிரிக்கும் முன், பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெறும் வயதில் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "சார், இது ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். எந்த எஸ்.ஓ.ஏ திட்டத்துக்கும் முதல் ஆவணம் அதுதான்.