யார் வாயால் சொல்வது?

2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் லொக் லொக்கென்று ஒரு இருமல் கேட்குமே, நினைவிருக்கிறதா? அதற்குப் பின் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கொரோனாவைப் பற்றிப் பேசும். தமிழ் பிறகுதான் வந்தது. எங்கள் தெரு முனையில் பூ கட்டும் ஆயா அந்த இருமலைக் கேட்டு, "புள்ளைக்கு ஒடம்பு முடியல போல" என்று பதறிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கணக்குப்படி பார்த்தால் அந்த ஆயாவுக்கும் 'தகவல் தெரிவிக்கப்பட்டது'.

முப்பத்தைந்து வருஷம் புதுவை அரசாங்க ஆபீசில் சர்க்குலர் டைப் அடித்தவன் நான். சர்க்குலர் என்பது இன்னொரு ஆபீசுக்காக எழுதப்படுவது. நாளைக்கு யாராவது கேட்டால் 'அன்றே தெரிவித்துவிட்டோம்' என்று காட்ட ஒரு நகல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபைலுக்கு அது போதும். தொத்து வியாதி காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், காது கேளாதவருக்கும், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையனுக்கும், தனியாக இருக்கும் என் போன்ற கிழவர்களுக்கும் அந்த நகலால் என்ன பிரயோசனம்?

நம் பிரதேசத்தில் இது இன்னும் சிக்கல். இங்கே முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 17 அன்று கண்டறியப்பட்டது மாஹேயில்; அங்கே மலையாளம். ஏனாமில் தெலுங்கு. லாசுப்பேட்டை நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசுவது வேறு பாஷை. சொல்தா பென்ஷன் வாங்கும் சிலருக்கோ பிரெஞ்சு வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. 'க்வாரன்டைன்' என்று பேப்பரில் பார்த்துவிட்டு என் கூட்டாளி ஒருவர் நாற்பது நாளைக்கு அரிசி வாங்கிப் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பிரெஞ்சில் 'கராந்தேன்' என்றால் நாற்பது என்ற கணக்கு. அந்தக் காலத்தில் கப்பலை நாற்பது நாள் நிறுத்திவைத்ததால் வந்த பெயர். இங்கே சொன்னதோ பதினாலு நாள்.

தடுப்பூசியிலும் இதே கதைதான். 2021 மே முதல் தேதியிலிருந்து 18 முதல் 44 வயதுக்காரர்கள் கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி என்றார்கள். அப்போது அந்தத் தளம் இங்கிலீஷில் மட்டும். மற்ற மொழிகள் ஜூனில் வந்தன. தமிழ் அந்த முதல் பட்டியலில் இல்லை, கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். படிப்பும் போனும் இல்லாதவன் எப்படிப் பதிவான் என்று சுப்ரீம் கோர்ட்டே மே 31 உத்தரவில் கேட்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின மாசம் நடிகர் விவேக் காலமானார். ஜனங்கள் பயப்படக்கூடாது என்று ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். பிறகு விசாரித்த மத்திய அரசுக் குழுவும் அதையே சொன்னது, ஆனால் அது அக்டோபரில். நடுவில் டீக்கடையில் ஜனங்கள் கேட்ட கேள்விக்குத் தெருவில் நின்று பதில் சொல்ல ஆள் இல்லை. போனில் வரும் குரலை எதிர்க் கேள்வி கேட்க முடியாதே. அந்த இடத்தை வாட்ஸப் பிடித்துக்கொண்டது.

இதை எப்படிச் செய்வது என்று நமக்குத் தெரியாமல் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியம்மையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், "இந்த மாதிரி யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேட்பார்கள். படிக்கத் தெரிய வேண்டாம். சொல்வதோடு நிற்காமல் கேட்கவும் செய்தார்கள். 1975இல், அம்மை கண்டவரைக் காட்டினால் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள். என் மாசச் சம்பளத்தைவிட அதிகம்!

2004 சுனாமி வியாதி இல்லைதான், ஆனாலும் நல்லவாடு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் சேதி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த அறிவு மையத்தில் மைக்கும் ஒலிபெருக்கியும் இருந்தன. அதில் கூவினார்கள், ஊரே ஓடித் தப்பியது. தினமும் கடல் நிலவரம் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி என்பதால் நம்பினார்கள் என்பது என் எண்ணம். அன்றைக்குத்தான் புதிதாகக் கட்டியிருந்தால் யார் ஓடியிருப்பார்கள்?

உடனே சிலர் 'அந்தக் காலத் தண்டோராவே மேல்' என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தப்பை அடிக்க வைத்தது ஒரு சாதியாரை. அவர்கள் தெருவுக்குத் தேவையான சேதியை யார் கேட்டார்கள்? தமிழ்நாட்டில் 2022இல் அதை நிறுத்தச் சொன்னது சரிதான்.

நம்மிடம் இல்லாதது வேறு. 1968க்குப் பிறகு புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. கொரோனா வந்தபோது ஐந்து நகராட்சியிலும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்திலும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவி இருக்கிறாள், எந்த வீட்டுப் பையனுக்குக் காது கேட்காது என்று பேர் சொல்லித் தெரிந்த ஆள், ஓட்டுக்காகவாவது படியேறி வந்திருப்பார்.

தேர்தல் நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு பட்டியல் வைக்கலாம். நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், மீனவப் பஞ்சாயத்தார், நரிக்குறவர் வீடுகளில் ஒரு படித்த பெண், மேஸ்திரிகளில் இந்தி தெரிந்தவர், சைகை பாஷை தெரிந்தவர் ஒருவர். அலைகிற நாளுக்குப் படியும் கொடுக்க வேண்டும். சும்மா வேலை வாங்கக்கூடாது. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் டெங்குவைச் சாக்கிட்டு எல்லோரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேச வேண்டும். யார் வீடு மாறினார், யார் நம்பர் மாறிப்போச்சு என்பது அப்போதே தெரிந்துவிடும்.