எழுதாத விதி யாருக்கு?

"முழுப் பெயர்?"

சொன்னேன்.

"அது சரி, அதற்குப் பின்னால்?"

பின்னால் ஒன்றும் இல்லை என்றேன். முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது, அது அப்பாவின் பெயர். அந்தச் சிப்பாய்க்குப் புரியவில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் பாஸ் தர முடியாது என்றார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அந்த வெற்றிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் இரும்பு கேட் முன்னால் நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் இருபது சைக்கிள்கள் காத்திருந்தன.

தமிழ்நாட்டுக்கு வெளியே, நான் ஆய்வு செய்யும் நகரத்தில் நடந்தது இது. நகரத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் ஆய்வை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். என்னோடு அந்த வழியில் போகிறவர்கள் நாளைக்கும் அதே கேட்டில்தான் நிற்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். "சைவமா?" என்பது முதல் கேள்வி. "உங்கள் ஆட்கள் யார்?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் வீடு வேறு யாருக்கோ போயிருக்கும். அப்படித்தான் கண்டோன்மென்ட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை எடுத்தேன். அங்கிருந்து ராணுவக் குடியிருப்பின் நடுவே போகும் சாலையில் வந்தால் நான்கு கிலோமீட்டர். சுற்றி வந்தால் பதினொன்று, அதில் பாதி லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கிலோமீட்டர் என்பது மூச்சு, முழங்கால், சில நேரம் உயிர்.

அந்தச் சாலையில் தினமும் சைக்கிளில் போகிறவர்கள் யார்? வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள். தோட்டவேலை செய்கிறவர்கள், பெயின்டர்கள், கொத்தனார்கள், துப்புரவுத் தொழிலாளர்கள். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு, ஹேண்டிலில் தொங்கும் பை. அவர்களில் பலர் அந்தக் குடியிருப்பின் அதிகாரிகள் வீட்டிலேயே பாத்திரம் தேய்க்கிறவர்கள், அங்கே புல் வெட்டுகிறவர்கள். ஆராய்ச்சி மாணவன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

ஒன்றரை வருடத்தில் விதி ஐந்து முறை மாறியது. முதலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஆதாரைக் காட்டச் சொன்னார்கள். பிறகு பாஸ் வேண்டும் என்றார்கள். பாஸுக்கு வண்டியின் பதிவு எண் வேண்டும். சைக்கிளுக்கு ஏது பதிவு எண்? காரும் பைக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போயின, நாங்கள் நின்றோம். பிறகு காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் என்றார்கள். கடைசியாக, கேட்டிலிருந்து இரண்டாவது வளைவு வரை சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். பைக்கில் போகிறவர் இறங்க வேண்டியதில்லை. ஏன் என்று கேட்டால் "மேலிடத்து ஆர்டர்." ஆர்டரைக் காட்டுங்கள் என்றால் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் மூன்று வரி. தேதி இல்லை, எண் இல்லை, கையெழுத்து இல்லை. அடுத்த மழையில் அந்தத் தாளும் கரைந்துபோனது, விதி மட்டும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதே கேட்டைப் பார்க்க வேண்டும். ஒரு சைக்கிள் குழு வரும். உடலோடு ஒட்டிய உடை, ஹெல்மெட், ஒரு மோட்டார் பைக்கின் விலையில் ஒரு சைக்கிள். கேட் தானாகத் திறக்கும். யாரும் இறங்குவதில்லை, யாரிடமும் ஆதார் கேட்பதில்லை. ஒருநாள் சோதித்துப் பார்க்க, விடுதி நண்பரின் கியர் சைக்கிளையும் ஹெல்மெட்டையும் இரவல் வாங்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை காலையில் போனேன். அதே சிப்பாய். கையசைத்து அனுப்பினார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இதற்குள் ஏன் சாதியைக் கொண்டுவருகிறாய் என்று முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். அந்தச் சிப்பாய்க்கு உன் சாதி தெரியுமா? தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. துருப்பிடித்த சைக்கிள், வெயிலில் கருத்த கை, தூக்குவாளி, பெயருக்குப் பின்னால் வரும் சொல் ஆகியவை போதும். பாத்திரம் தேய்க்கவும் சாக்கடை அள்ளவும் யாரை அனுப்புவது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டது. கேட் அந்த வரிசையைப் பார்த்து வடிகட்டினால் போதும், சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்க வேண்டியதில்லை. அந்தச் சிப்பாயும் ஏதோ ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம். அவர்மேல் எனக்குப் பகை இல்லை. என் பகை, அவர் கையில் எழுதிய விதியைக் கொடுக்காமல் வாய்வழி அதிகாரத்தைக் கொடுத்து நிறுத்தியிருக்கும் ஏற்பாட்டோடு.

சைக்கிளை விட்டு இறங்குவது என்பது நமக்கு வெறும் போக்குவரத்து விதி அல்ல. தொண்ணூறுகளின் இறுதியில் அப்பா என்னை முன் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போவார். ஊர்த்தெரு டீக்கடை வந்ததும் இறங்கிவிடுவார். பிள்ளையார் கோயில் தாண்டும்வரை என்னை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார். பிறகு ஏறுவார். ஏன் இறங்கினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "டயர்ல காத்து கம்மிடா" என்றார். தினமும் அதே இடத்தில் காற்று குறைந்து, தினமும் அதே இடத்தில் நிறைந்தது. அந்த விதியையும் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் கிழித்திருப்போம்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதையும் செருப்பு அணிவதையும் தடுப்பது குற்றம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சைக்கிள் என்ற சொல்லை ஒரு வன்கொடுமைச் சட்டத்துக்குள் எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை தெருக்களில் எத்தனை அப்பாக்கள் இறங்கியிருக்க வேண்டும்!

சாதி ஒழிப்புப் போராட்டத்தின் ஒரு பாதி வரலாறு சாலையில் நடந்தது. 1924இல் வைக்கத்தில் கேட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமையை அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கும் உரிமையை. பெரியார் சிறை சென்றதும் அந்தத் தெருவுக்காகத்தான். 1925இல் ஏற்பட்ட உடன்பாட்டில்கூட கிழக்குப் பக்கச் சாலை நமக்குத் திறக்கவில்லை. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை உடைத்து வழி விட 2008 ஆனது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையும் அதில் இருக்கிறது. அது அங்கே தற்செயலாக வந்து உட்காரவில்லை.

இனி, பாதுகாப்பு. 2016இல் பதான்கோட்டிலும் உரியிலும் ராணுவத் தளங்களுக்குள் புகுந்து தாக்கினார்கள். வீரர்கள் செத்தார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. வெடிமருந்துக் கிடங்கு வழியாக எங்களுக்குப் பாதை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்பது தலைமுறை தலைமுறையாக மக்கள் புழங்கிய பொதுச் சாலை. அதையும் பாதுகாப்புக்காக மூடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வழி சொல்லியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு கண்டோன்மென்ட் சட்டத்தின் 258ஆவது பிரிவு, ஒரு தெருவை நிரந்தரமாக மூட வேண்டுமானால் பாதுகாப்பு தவிர வேறு காரணம் கூடாது, உயர் அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், அதற்கு முன் பொது அறிவிப்பு கொடுத்து மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்கிறது. நிரந்தரமாக மூடினால்தானே இத்தனை தொல்லை? அதனால்தான் எதையும் நிரந்தரமாக மூடுவதில்லை. இன்றைக்கு இரண்டு மணி நேரம், நாளைக்கு ஒரு பாஸ், அடுத்த வாரம் ஒரு வளைவு. மூடாமலே மூடும் வித்தை இது.

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டைச் சுற்றி வாழ்கிற மக்கள் இதே கதையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். உள்ளூர் ராணுவ நிர்வாகம் சாலையை மூடும், மக்கள் போராடுவார்கள், கொஞ்சம் திறக்கும், மறுபடி மூடும். 2018 மே மாதம் கண்டோன்மென்ட்டுகளில் மூடப்பட்ட சாலைகளைத் திறக்கச் சொல்லி பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. ராணுவ அதிகாரிகளின் குடும்பங்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. அதே செப்டம்பரில் புதிய வழிமுறை வந்தது. அந்த வாக்குவாதத்தில் பங்களாக்களின் அமைதியும் பேசப்பட்டது, கார்களின் நெரிசலும் பேசப்பட்டது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவளின் கூலி அந்த அளவுக்குப் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ராணுவமே வேண்டாம் என்று நான் பேசவில்லை. கண்டோன்மென்ட் நமக்கு அந்நிய நிலமும் அல்ல. அண்ணல் அம்பேத்கர் பிறந்தது மாவ் என்ற கண்டோன்மென்ட்டில். அவர் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஊர் மூடி வைத்த பள்ளியைத் துப்பாக்கி தூக்கியதால் திறக்க முடிந்தது. 1890களில் மஹர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளையர் நிறுத்தியபோது மூடியது ஒரு வேலைவாய்ப்பு மட்டுமல்ல, ஒரு பள்ளிக்கூடமும்தான். சென்னைப் படையில் பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். அந்தப் படையோடு பெங்களூருக்கும் செகந்திராபாத்துக்கும் போன தமிழர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். நம் தாத்தாக்களின் வியர்வையும் கலந்து போட்ட சாலையில்தான் இன்று நம்மை இறங்கச் சொல்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேர விதி வந்த முதல் வாரத்தில், எனக்கு முன்னால் ஒரு தீதி நின்றிருந்தார். இரண்டு வீடுகளில் சமையல்வேலை. ஏழு நிமிடம் தாமதம். கேட் மூடிவிட்டது. அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் என் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினேன். சிப்பாய் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சைக்கிள் போகும் அளவுக்குத் திறந்தார். நான் போய்விட்டேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவர் சைக்கிளை நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் கேட்டேன். ஒரு வீட்டில் அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்களாம். "உனக்கு அட்டை இருக்கிறது, போகத்தானே செய்வாய்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

படித்து மேலே வந்தவர்களில் பலர் இந்த அட்டையோடுதான் உலவுகிறோம். நமக்கு மட்டும் திறக்கும் அளவுக்குக் கதவு திறந்தால் போதும் என்று போய்விடுகிறோம். விதிவிலக்கு கிடைத்தவன் விதியைக் கேள்வி கேட்பதில்லை. எழுதாத விதியின் பலமே அதுதான். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கெஞ்சவைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சலுகை கொடுத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்ளும்.

அதனால் அந்தத் தீதியும் இன்னும் சிலரும் நானும் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போட்டோம். 258ஆவது பிரிவின்படி கொடுத்த பொது அறிவிப்பின் நகல் எங்கே என்பது அதில் ஒரே கேள்வி. இந்த அலுவலகம் அந்த அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. பதில் வந்தபாடில்லை.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. விதி எதுவானாலும் எழுதி ஒட்டுங்கள். தேதி, எண், கையெழுத்து போடுங்கள். அந்த வழியில் போகிறவர்கள் படிக்கும் மொழியில் போடுங்கள். மாற்றுவதற்கு முன் அறிவியுங்கள், எங்களைக் கேளுங்கள். படிவத்திலிருந்து குடும்பப் பெயர்க் கட்டத்தை எடுங்கள். மோட்டார் வண்டிக்கு இல்லாத எந்தத் தடையும் சைக்கிளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் கூடாது.

தோழர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கேட் இருக்கும். ராணுவ கேட்டாக இருக்க வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் கேட், வளாகத்தின் கேட், தொழிற்பேட்டையின் கேட். உங்களுக்குத் திறந்ததும் போய்விடாதீர்கள். நின்று, உங்களுக்குப் பின்னால் நிற்கிறவரை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.