சிலபஸ்ல இல்லாத ஷானன்

உங்க ரெஸ்யூம்ல "ஹாபிஸ்"னு ஒரு வரி இருக்குமே, அதுல என்ன எழுதியிருக்கீங்க? நான் "புல்லாங்குழல்"னு எழுதியிருந்தேன். மாக் இன்டர்வியூ எடுத்த சீனியர் அதை அடிச்சிட்டு, "இதனால கம்பெனிக்கு என்ன லாபம்? கோடிங் சம்பந்தமா ஏதாவது போடு"ன்னார். நானும் போட்டேன். பிளேஸ்மென்ட் சீசன்ல தன்மானம் கொஞ்சம் லீவுல போயிடுது.

கிளாட் ஷானன் பேரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. நமக்கு அவர் ஒரு ஃபார்முலா, பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் பண்றது. 1948-ல் அவர் எழுதிய கட்டுரைதான் தகவலை 'பிட்' கணக்கில் அளக்கக் கத்துக்கொடுத்தது. இது சிலபஸ்ல இருக்கு. நான் சொல்ல வந்தது மீதி ஷானனைப் பத்தி.

மிச்சிகன் மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல வளர்ந்தவர். சின்ன வயசுல முள்வேலிக் கம்பியையே தந்திக் கம்பியாக்கி, அரை மைல் தள்ளி இருந்த நண்பனுக்குச் செய்தி அனுப்பினவர். பெல் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தப்போ காரிடார்ல ஒத்தைச் சக்கர சைக்கிள் ஓட்டினார், கையில பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிச்சபடியே. 1950-ல் 'தீசியஸ்'னு ஒரு எந்திர எலி செஞ்சார். முதல் தடவை சுவர்ல முட்டி முட்டி வழி தேடும். ரெண்டாவது தடவை நேரா இலக்குக்குப் போயிடும். மூளை எலிக்குள்ள இல்ல, பலகைக்கு அடியில இருந்த டெலிபோன் ரிலேக்கள்ல இருந்துச்சு.

"பாத்தியா, விளையாட்டும் கரியருக்கு உதவுது"ன்னு இங்கேயே முடிச்சா சீனியரும் சந்தோஷப்படுவார். ஆனா ஷானன் ரோமன் எண்கள்ல கணக்குப் போடும் ஒரு கால்குலேட்டரும் செஞ்சார். அது யாருக்கு வேணும்? ஒரு பெட்டி இருந்துச்சு: ஸ்விட்சைப் போட்டா ஒரு கை வெளிய வந்து, அதே ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு உள்ள போயிடும். அவ்வளவுதான். யோசனை மார்வின் மின்ஸ்கியோடது, செஞ்சு பார்த்தது ஷானன். அதுல கரியர் எங்க இருக்கு?

1978-ல் எம்.ஐ.டி.யில இருந்து ஓய்வு பெற்றார். வின்செஸ்டர்ல இருந்த அவர் வீட்டுல பொம்மைகளுக்குன்னே ஒரு அறை இருந்துச்சு. பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறதுக்கும் ஒரு கணிதத் தேற்றம் எழுதினார்: எத்தனை பந்து, எத்தனை கை, காற்றுல எவ்வளவு நேரம்னு. 1985-ல் இங்கிலாந்துல பிரைட்டன் நகரத்துல நடந்த தகவல் கோட்பாட்டு மாநாட்டுக்குச் சொல்லாமலே வந்து நின்னார். ஆட்டோகிராஃபுக்குக் கூட்டம் அலைமோதுச்சு. மேடையில பேசச் சொன்னா, கொஞ்ச நேரத்துல பாக்கெட்ல இருந்து மூணு பந்தை எடுத்து ஜக்ளிங் பண்ண ஆரம்பிச்சிட்டார்.

கடைசி வருஷங்கள் கொடுமை. அல்சைமர் நோய். தகவலை அளக்கக் கத்துக்கொடுத்தவருக்கு நினைவே தங்கல. 2001 பிப்ரவரியில இறந்தார்.

"அவர் மேதை, நமக்கு எஜுகேஷன் லோன் இருக்கு"ன்னு நீங்க சொல்லலாம். நியாயம்தான், எனக்கும் இருக்கு. ஆனா முள்வேலியில தந்தி அடிச்ச பையனுக்கு அப்போ எந்தப் பேரும் கிடையாது, பிடிச்சிருந்துச்சு, செஞ்சான். நாம அந்தப் பையனை மூணாவது வருஷத்துலயே துரத்திட்டு, அவன் இருந்த இடத்துல "குயிக் லேர்னர்"னு எழுதுறோம். இதைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

ரெஸ்யூம்ல பழைய வரியைத் திரும்பப் போட்டுட்டேன். புல்லாங்குழல் ஊர்ல, அலமாரி மேல இருக்கு. பொங்கல் லீவு முடிஞ்சு வர்றப்போ எடுத்துட்டு வருவேன். ரெண்டு வருஷமா தொடல, மொதல்ல வெறும் காத்துதான் வரும். ரூம்மேட்ஸ், முன்கூட்டியே மன்னிச்சிடுங்க.