மானியம் வாங்கினவங்க போட்டோ போதும். வாங்காதவங்க கணக்கு எங்கே?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. ஆனாலும் முழுசா படிங்க. மானியம்னு பேச்சு வர்ற அடுத்த விவாதத்துல இது உங்களுக்குக் கை கொடுக்கும்.

ஏமன் நாட்டோட பேரை நம்மில் பலர் கவனிச்சதே 2015 ஏப்ரல்லதான். ஆபரேஷன் ராஹத் மூலமா 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பல்லயும் விமானத்துலயும் மீட்டுக் கொண்டுவந்தாங்க. போர், பசி, குண்டுவீச்சு. அந்த நாட்டைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

ஆனா அந்தப் போர் முழுசா வெடிக்கறதுக்கு முன்னாடி, அதே ஏமன்ல சிறு நிறுவனங்களுக்குத் தொழில் மேம்பாட்டு மானியம் கொடுத்தாங்க. செலவுல பாதியை நிறுவனம் போடணும், மீதிப் பாதியைத் திட்டம் தரும். அதிகபட்சம் 10,000 டாலர்.

"நாளைக்கு இருக்குமான்னே தெரியாத நாட்டுல கம்பெனிக்கு மானியமா? ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற வேலை!" இப்படிச் சொல்ல ஒரு கூட்டம் எப்பவும் ரெடியா இருக்கும். இன்னொரு பக்கம் அதிகாரிகள் கூட்டம். நாலு பயனாளிகளை நிக்க வச்சு போட்டோ எடுத்து, "மாபெரும் வெற்றி"ன்னு அறிக்கை விடும். முதல் கூட்டம் கணக்கே பார்க்காம வேணாம்னு சொல்லுது. ரெண்டாவது கூட்டமும் கணக்கே பார்க்காமதான் வெற்றின்னு சொல்லுது. ரெண்டு பேரையும் நம்பாதீங்க.

ஏன்னு ஒரு சின்னக் கணக்குல பார்ப்போம். இது புரியறதுக்காக நான் போடுற உதாரணம்தான். மானியம் வாங்கின ஒரு கம்பெனியோட விற்பனை 100ல இருந்து 70க்கு இறங்குது. திட்டம் தோல்வியா? அவசரப்படாதீங்க. மானியம் கிடைக்காத அதே மாதிரி கம்பெனி 100ல இருந்து 50க்கு விழுந்திருந்தா? அப்போ அந்த மானியம் 20ஐக் காப்பாத்தியிருக்கு!

இப்போ தலைகீழா பாருங்க. கலவரம் கொஞ்சம் அடங்குது, எல்லாக் கடையும் திறக்குது. மானியம் வாங்கினவர் விற்பனை 100ல இருந்து 130 ஆகுது. வாங்காதவரும் 130. அப்போ மானியம் சாதிச்சது என்ன? பூஜ்யம். ஆனா அறிக்கையில "30 சதவீத வளர்ச்சி"ன்னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க.

அதனாலதான் சொல்றோம், நிலையில்லாத நாட்டுல "முன்னாடி இவ்வளவு, பின்னாடி இவ்வளவு"ங்கற கணக்கை நம்பவே முடியாது. நாடே ஏறி இறங்கும்போது, ஏத்தம் எது மானியத்தால, எது நிலைமையாலன்னு எப்படிப் பிரிப்பீங்க?

இன்னொரு கேள்வியும் இருக்கு. கணக்கு எழுத கம்ப்யூட்டர் வாங்கணும்னு ஒரு முதலாளி ஏற்கனவே முடிவு பண்ணி, பணமும் எடுத்து வச்சிருக்கார். அந்த நேரத்துல நீங்க பாதிக் காசு கொடுக்கறீங்க. அந்தக் காசால புதுசா எதுவும் நடக்கல. அவர் பையில பணம் மிச்சமாச்சு, அவ்வளவுதான். மானியம் இல்லாட்டி நடந்தே இருக்காத ஒண்ணு நடந்துச்சாங்கறதுதான் அசல் கேள்வி.

ஏமன்ல இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வச்சாங்க. குலுக்கல்! விண்ணப்பிச்ச நிறுவனங்கள்ல யாருக்கு மானியம்ங்கறதைச் சீட்டு குலுக்கற மாதிரி முடிவு பண்ணாங்க. சிபாரிசு கிடையாது, மச்சான் கம்பெனி கிடையாது. பேர் வந்தவங்களும் வராதவங்களும் ஒரே மாதிரி ஆட்கள், ஒரே மின்வெட்டு, ஒரே கலவரம். அதனால ரெண்டு தரப்புக்கும் நடுவுல பின்னாடி வர்ற வித்தியாசம் மானியத்தோட வேலைன்னு தைரியமா சொல்லலாம்.

டேவிட் மெக்கென்சி, நபிலா அசாஃப், அனா பாவுலா குசோலிட்டோ மூணு பேரும் சேர்ந்து எழுதி, உலக வங்கி 2015ல வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்லுது. முதல் வருஷத்துல மானியம் வாங்கின நிறுவனங்கள், வாங்காதவங்களை விட அதிகமா புதுப் பொருள் கொண்டுவந்தாங்க, கணக்கு முறையை மேம்படுத்தினாங்க, விளம்பரம் பண்ணாங்க, முதலீடு போட்டாங்க. விற்பனை கூடுச்சுன்னும் அதிகம் பேர் சொன்னாங்க. ஓட்டைப் பானைன்னு கிண்டல் பண்ணவங்களுக்கு இதுதான் பதில்.

அதுக்காக இதையும் ஊதிப் பெருசாக்க வேணாம். விற்பனை கூடுச்சுன்னு சொன்னது நிறுவனங்களே. இது முதல் வருஷக் கணக்கு. 2014 செப்டம்பர்ல ஹூதிகள் தலைநகர் சனாவைப் பிடிச்சாங்க. 2015 மார்ச்ல சவுதி தலைமையிலான கூட்டணி குண்டு போட ஆரம்பிச்சது. நல்ல திட்டம் ஒரு நிறுவனத்தைத் தூக்கி விடலாம், ஆனா வானத்துல இருந்து விழற குண்டைத் தடுக்காது.

"குலுக்கல் எல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது சார்"னு அதிகாரிகள் சொல்லுவாங்க. ஆமா, நிறைய இடத்துல ஒத்து வர விடல. ஆப்பிரிக்காவில 6 நாடுகள்ல 7 மானியத் திட்டங்களை இதே முறையில அளக்க ஒரு ஆய்வுக் குழு முயற்சி பண்ணுச்சு. ஒண்ணு கூட முடியல. திட்டம் இழுத்துக்கிட்டே போனது, குலுக்கலுக்கு அரசியல்வாதிகள் சம்மதிக்காதது, விண்ணப்பிக்க ஆள் வராததுன்னு பல காரணம். நல்லா கவனிங்க, குலுக்கல்ல பேர் போட்டா "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்"னு யாரும் மார்தட்ட முடியாது. அங்கதான் வலிக்குது.

ஆனா நைஜீரியாவில அரசாங்கமே செஞ்சு காட்டுச்சு. 2011ல தொடங்கின 'யூவின்' போட்டிக்குக் கிட்டத்தட்ட 24,000 விண்ணப்பம். 1,200 பேருக்கு சராசரியா 50,000 டாலர். அதிக மதிப்பெண் எடுத்தவங்களுக்கு நேரடியா பரிசு, அடுத்த கட்டத் தகுதி உள்ளவங்கள்ல 729 பேரைக் குலுக்கல்ல எடுத்தாங்க. அஞ்சு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தப்போ, 10 பேருக்கோ அதுக்கு மேலயோ வேலை கொடுக்கற நிறுவனமா வளர்ற வாய்ப்பு, குலுக்கல்ல ஜெயிச்சவங்களுக்கு 20 சதவீதப் புள்ளிக்கும் மேல அதிகமா இருந்துச்சு. போகோ ஹராம் வன்முறை நடந்த காலத்து நைஜீரியாவிலேயே முடிஞ்சது, மத்த இடத்துல ஏன் முடியாது?

"எல்லாருக்கும் கொடுக்காம குலுக்கறது அநியாயம் இல்லையா?" நியாயமான கேள்வி. எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இருந்தா தாராளமா கொடுங்க. ஆனா 100 பேர் தகுதியோட நிக்கறாங்க, பணம் 50 பேருக்குத்தான் இருக்குன்னா, எப்படியும் 50 பேர் வெறுங்கையோடதான் திரும்பணும். அதை சிபாரிசுக் கடிதம் முடிவு பண்றது நியாயமா, சீட்டு முடிவு பண்றது நியாயமா?

தோழர்களே, மானியத்துக்குக் கணக்கு கேக்கறவன் மானியத்துக்கு எதிரி இல்ல. மக்கள் பணம் ஜெயிக்கற இடத்துல அதை நிரூபிச்சுக் காப்பாத்தவும், தோக்கற இடத்துல நிறுத்தி வேற வழிக்குத் திருப்பவும் கணக்கு வேணும். போர் நிழல்ல இருக்கற நாட்டுல வீணாகற ஒவ்வொரு டாலரும், வேற எங்கயோ கிடைச்சிருக்க வேண்டிய மருந்து, ரொட்டி, வேலை.

அதனால இனி எந்த அமைப்பு, எந்தக் கட்சி, நம்ம பக்கமே ஆனாலும் சரி, பயனாளி எண்ணிக்கையைப் பெருமையா பகிர்ந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"கிடைக்காதவங்க இப்போ எப்படி இருக்காங்க?"

பதில் இருந்தா கைதட்டுவோம். இல்லைன்னா விடாம கேப்போம்.

பகிருங்கள். விவாதியுங்கள்.

#கணக்கு_கேட்போம்