மெட்ரோ உத்திரம் விழுந்து பைக்கில் போனவர் பலி! கீழே பாதையைத் திறந்து விட்டது யார்?

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். இரவு 9.45 மணி இருக்கும். 2025-ம் ஆண்டு ஜூன் 12-ந்தேதி, வியாழக்கிழமை. சென்னை மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் ராமாபுரம், மணப்பாக்கம் பக்கம் வழக்கம் போல வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

திடீரென்று இடி விழுந்தது போல ஒரு சத்தம்! மெட்ரோ ரயில் பாதைக்காகத் தூண்களின் மேல் ஏற்றி வைத்திருந்த இரண்டு கான்கிரீட் உத்திரங்கள் சரிந்து ரோட்டில் விழுந்தன. மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அடியில் சிக்கி உயிரை விட்டார்.

அவர் மெட்ரோ தொழிலாளி அல்ல. வேலை நடக்கும் இடத்துக்குள் தடுப்பைத் தாண்டிப் புகுந்தவரும் அல்ல. திறந்து கிடந்த ரோட்டில் தன் வழியே போன மனிதர். அவர் செய்த தப்பு என்ன?

நிற்க வைத்த பலகை

உத்திரம் எப்படி விழுந்தது? இங்கிலீஷ் 'ஐ' எழுத்து மாதிரி இருக்கும் உத்திரம் அது. நீளம் அதிகம், அகலம் குறைவு. பலகையைப் படுக்க வைத்தால் அசையாது. விளிம்பில் நிற்க வைத்தால்? ஒரு தட்டு தட்டினால் போதும். ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் நிற்பதையும் தள்ளிவிடும்.

பக்கத்துப் பக்கத்து உத்திரங்களைக் குறுக்கே கான்கிரீட் போட்டுப் பிணைத்த பிறகுதான் அவை ஒரே உடம்பாக நிற்கும். அதுவரை தற்காலிக முட்டுதான் துணை. ராமாபுரத்தில் அந்த முட்டுச் சட்டம் நழுவியதுதான் காரணம் என்று முதல் கட்ட விசாரணைக்குப் பின் மெட்ரோ நிர்வாகமே சொன்னது.

ஆக, அந்த உத்திரங்கள் முழுசாக நிலைக்கவில்லை என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கீழே பாதை திறந்திருந்தது. கேள்வி இங்கேதான் இருக்கிறது!

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததுதான். நஷ்டஈடு அறிவித்தார்கள். ஒப்பந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். என்ஜினீயர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். எல்லாம் சரி. போன உயிர் வருமா?

இது முதல் தடவையா?

இல்லை. டெல்லியைப் பாருங்கள். 2008-ம் ஆண்டு அக்டோபர் 19-ந்தேதி, லட்சுமி நகர். மெட்ரோ பாலம் கட்டும் ராட்சத எந்திரமும் பாலத்தின் ஒரு பகுதியும் சரிந்து, கீழே போன பஸ் மேல் விழுந்தன. இரண்டு பேர் செத்தார்கள்.

ஒன்பது மாதம் கூட ஆகவில்லை. 2009 ஜூலை 12-ந்தேதி விடியற்காலை, அதே டெல்லியில் ஜம்ருத்பூர். தூணின் தலைப்பகுதி உடைந்து பாலம் விழுந்தது. இரவு முழுக்க வேலை பார்த்தவர்களில் ஆறு பேர் பலியானார்கள். அந்தத் தூணில் முன்னமே விரிசல் கண்டு, சரிசெய்து விட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள். 2010 காமன்வெல்த் போட்டிக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் வேறு. மறுநாள் இடிபாட்டைத் தூக்க வந்த கிரேன்களும் சாய்ந்து, மேலும் சிலர் காயம் பட்டார்கள்!

அப்போது டெல்லி மெட்ரோ தலைவர் ஸ்ரீதரன், பொறுப்பு தன்னுடையது என்று அன்றைக்கே ராஜினாமா கொடுத்தார். முதல்-மந்திரி ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. ஆனாலும் "கீழே இருப்பவன் செய்த தப்பு" என்று அவர் கையைக் கழுவவில்லை. அந்தக் குணம் எத்தனை பேருக்கு வரும்?

அடுத்தது பெங்களூர். 2023 ஜனவரி 10-ந்தேதி பட்டப்பகல். நாகவாரா பக்கம் மெட்ரோ தூணுக்காகக் கட்டி நிறுத்திய இரும்புக் கம்பிக் கூடு அப்படியே ரோட்டில் சாய்ந்தது. ஸ்கூட்டரில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். தாயும் ஆண் குழந்தையும் போய்விட்டார்கள். தகப்பனும் பெண் குழந்தையும் மிஞ்சினார்கள். நெஞ்சு பதறுகிறது!

பஸ், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள். ஊர் வேறு, ஆண்டு வேறு. கதை ஒன்றுதான். மேலே முழுசாகக் கட்டிப் பிணைக்காத பாரம். கீழே சாவகாசமாக ஓடும் போக்குவரத்து.

யாருக்குச் சோதனை?

மெட்ரோ ரயிலை ஜனங்களுக்குத் திறக்கும் முன் பாதுகாப்பு ஆணையர் வந்து தண்டவாளம் முதல் கதவு வரை சோதிக்கிறார். அவர் அனுமதி இல்லாமல் ஒரு பயணி கூட ஏற முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது டிக்கெட் வாங்கி மேலே போகிறவனுக்கு. கட்டி முடிக்கும் வரை தினம் கீழே போய் வருகிறவனுக்கு?

சென்னையின் இரண்டாம் கட்டத் திட்டம் 118.9 கிலோ மீட்டர். மதிப்பு 63 ஆயிரத்து 246 கோடி ரூபாய். இவ்வளவு கொட்டுகிற இடத்தில், உத்திரம் ஏற்றும் இரவில் பாதையை மூடி, நாலு போலீஸ்காரரை நிறுத்த முடியாதா? உத்திரத்தைத் தூக்கும்போது மூடினால் மட்டும் போதாது. ஒன்றோடொன்று பிணைத்து, பொறுப்பான என்ஜினீயர் "இனி சாயாது" என்று கையெழுத்துப் போட்ட பிறகே பாதையைத் திறக்க வேண்டும். பிணைக்க நாளாகும் என்றால் அத்தனை நாளும் அந்தப் பக்கத்துப் பாதை மூடியே கிடக்கட்டும். வண்டிகளை மாற்று வழியில் திருப்புங்கள்.

"ரோட்டை மூடினால் டிராபிக் நின்று விடும், ஜனங்கள் திட்டுவார்கள்" என்பார்கள் அதிகாரிகள். பொய் சொல்லவில்லை. சிவப்புக் கொடி பிடித்து நிற்கும் கூலித் தொழிலாளியைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவர்கள் உண்டு. "ஏம்ப்பா, ரோடு என்ன உன் அப்பன் வீட்டு சொத்தா?" என்று ஏசுகிறவர்கள் உண்டு. தடுப்பை நகர்த்தி சந்தில் புகுந்து போகிற ஸ்கூட்டர்காரர்களும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, இதில் ஜனங்கள் பங்கும் இருக்கிறது.

ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்தது தாமதம் மட்டும்தான். மேலே உத்திரம் எதன் மேல் நிற்கிறது என்பது தெரிந்தவர் அதிகாரி. திட்டு வாங்கிக்கொண்டாவது பாதையை மூடுவது அவர் கடமை. அதற்குத்தானே சம்பளம்!

சுற்றி வளைத்துப் போனால் அரை மணி நேரம் போகும். ஆபீசில் ஒரு லேட் மார்க் விழும். கடையை அரை மணி தாமதமாகத் திறந்தால் இரண்டு வியாபாரம் கெடும். அதை ஈடு கட்டிக்கொள்ளலாம். ராமாபுரத்தில் அன்று இரவு வீடு திரும்பாதவருக்காகக் காத்திருந்த குடும்பத்துக்கு எதைக் கொண்டு ஈடு கட்டுவது?

மெட்ரோ வேண்டும். சீக்கிரமாகவும் வேண்டும். ஆனால், அதிகாரிகளே, கீழே போகிறவன் தலைக்கும் ஒரு விலை உண்டு. முதலில் கட்டிப் பிணையுங்கள். அப்புறம் பாதையைத் திறங்கள்!