பனிமலைக்குப் போகும் மகன்



ஒரு ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் அறைவாசலில் வந்து நின்றார். மகன் ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் வேலை பார்க்கின்றான். உடன் பணிபுரிவோருடன் ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் புறப்படுகின்றானாம். "வழுக்கி விழுவதற்குப் பணம் கட்டிப் போகிறான், சாமி! அவனுக்காக ஒரு பூசை வைக்க வேண்டும்" என்றார். பூசைக் கருத்தை ஏட்டில் குறித்துக்கொண்டோம். ஆயினும் அம்மையாரை அத்துடன் அனுப்பிவிட மனம் வரவில்லை. அம்மலைக்கு அப்பாலுள்ள இன்ஸ்புரூக் நகரில் இறையியல் பயின்ற நாட்களில், இரண்டு குளிர்காலங்கள் நாமும் பனியில் சறுக்கியதுண்டு. சறுக்கிய நேரத்தைவிடக் கிடந்த நேரமே மிகுதி. அவரை அமரச் செய்து அன்று கூறியவற்றையே இங்கும் எழுதுகின்றோம். நம் பிள்ளைகள் பலர் இன்று பனி பெய்யும் நாடுகளில் வாழ்கின்றனர் அன்றோ?

ஆர்ல்பெர்க் கணவாயில் புனித கிறிஸ்தோபர் பெயரால் ஒரு சிற்றூர் உண்டு. 1386-ஆம் ஆண்டில் ஹைன்ரிக் ஃபின்டல்கிண்ட் என்னும் ஏழை அங்கே ஒரு சத்திரத்தை எழுப்பினார். கணவாயைக் கடப்போர் பனியில் சிக்கி மடிவதைக் கண்டு பொறாதவர் அவர். அவருக்குத் துணைநின்ற சபை இன்றும் அறப்பணி ஆற்றி வருகின்றது. அதே ஊரில்தான் 1901-இல் ஆர்ல்பெர்க் பனிச்சறுக்குக் கழகம் தோன்றியது. உயிருக்கு அஞ்சி மக்கள் கடந்த மலையை, அதன்பின் மகிழ்ச்சிக்காகத் தேடி வரலாயினர். மலையோ மாறவில்லை.

இவ்விளையாட்டை அறியாதோர்க்குச் சுருங்கச் சொல்வோம். கெட்டியான காலணிகளை நீண்ட இரு கட்டைகளோடு பிணைத்துக்கொண்டு சரிவில் இறங்குவது ஸ்கீ. இரு கால்களையும் ஒரே அகலப் பலகையில் பிணைத்து, பக்கவாட்டில் நின்று இறங்குவது ஸ்னோபோர்டு. கம்பிவடத்தில் தொங்கும் இருக்கைகள் மேலே ஏற்றிவிடும். இறங்குவதற்கு, இயந்திரத்தால் பனியை அழுத்திச் செம்மைசெய்த பாதைகள் உண்டு: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் நாள் பழகுவோன் ஆசிரியரிடம் கற்க வேண்டுமே தவிர, இரண்டாண்டு பழகிய நண்பனிடம் அன்று. நண்பன் மாலைக்குள் சிவப்புப் பாதைக்கு இழுத்துச் சென்றுவிடுவான்.

தாய் அஞ்சியது, மகன் விழுந்துவிடுவானே என்று. நாமோ அவர் எண்ணாத ஒன்றைக் கேட்டோம்: "உங்கள் மகன் மற்றொருவர்மேல் போய் மோதினால்?"

அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் நடத்தை விதிகளை வகுத்தது. இன்று அவை பத்து. பத்தையும் நாம் ஒப்பிக்கப் போவதில்லை. தலையாயது இதுவே: கீழே செல்பவனுக்கே வழியில் முதல் உரிமை. அவனுக்கு முதுகில் கண்ணில்லை. அவன் எப்பக்கம் திரும்பினாலும் விலகிச் செல்லும் பொறுப்பு மேலிருந்து வருபவனுடையது. "அவர் திடீரெனத் திரும்பிவிட்டார்" என்னும் சாக்கு அங்கே எடுபடாது. கண்ணுக்கு எட்டும் தொலைவுக்குள் நிற்க முடியாத வேகம் எவருக்கும் மிகையான வேகமே. நிற்க வேண்டுமாயின் பாதையின் ஓரத்தில் நிற்க வேண்டும். மேட்டுக்குப் பின்னால், மேலிருந்து வருபவன் காண இயலாத இடத்தில் நிற்கலாகாது. புறப்படுமுன் மேலும் கீழும் பார்க்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, ஜெர்மனியின் துரிங்கியா மாநில முதல்வராக இருந்த டீட்டர் அல்த்தாவுஸ், ஆஸ்திரியாவில் இரு பாதைகள் கூடும் இடத்தில் ஒரு பெண்மணியோடு மோதினார். அப்பெண்மணி இறந்தார். தலைக்கவசம் அணிந்திருந்த முதல்வர் தலையில் கடும் காயத்தோடு பிழைத்தார். கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காக அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. அபராதத்தைக் கட்டித் தீர்த்துவிடலாம். இறந்தவரின் வீட்டில் அவ்வாண்டு எப்படித் தொடங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தலைக்கவசத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அணிய வேண்டும், அவ்வளவே. ஆனால் தலையில் பட்ட அடியைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில், பழகுவோர்க்கான எளிய சரிவில் கவசமின்றி விழுந்தார். ஒன்றுமில்லை என்று சிரித்து மருத்துவ உதவியை மறுத்தார். சற்று நேரத்தில் தலைவலி கண்டது. மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்திருந்தது. இரண்டாம் நாள் மறைந்தார்.

நம் சொந்தக் கதையையும் ஒளிக்காமல் சொல்வோம். காலணியைக் கட்டையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே கழன்று காலைக் காக்க வேண்டும். அதன் இறுக்கத்தை முடிவுசெய்யவே வாடகைக் கடையில் எடையையும் உயரத்தையும் திறமையையும் கேட்கின்றனர். "ஓரளவு நன்றாகவே வருவோம்" என்று பெருமைக்குச் சொல்லி வைத்தோம். பூட்டு அதற்கேற்ப இறுக்கப்பட்டது. விழுந்தபோது கழலவில்லை, முழங்கால் திருகியது. ஆறு வாரம் ஊன்றுகோல். இன்றும் முழந்தாளிடும்போதெல்லாம் அந்தப் பொய் நினைவுக்கு வருகின்றது. ஸ்னோபோர்டில் பழகுவோர் முழங்காலைவிட மணிக்கட்டையே பெரும்பாலும் முறித்துக்கொள்வர்; விழும்போது கையை விரித்து ஊன்றுவதே காரணம்.

இனி, கயிற்றுக்கு அப்பாலுள்ள பனி. இதைத்தான் அம்மையாரிடம் நெடுநேரம் பேசினோம்.

பாதையின் ஓரத்தில் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அப்பால், எவர் தடமும் படியாத வெண்பனி. இரவெல்லாம் பனி கொட்டி, விடியலில் வானம் தெளிந்து வெயில் காயும் காலைப்பொழுதைவிட அழகிய காலை மலையில் இல்லை. அதைவிட ஆபத்தானதும் அரிது. காற்று அடித்துச் சேர்த்த புதுப்பனி, அடியிலுள்ள வலுவற்ற அடுக்கின்மேல் பலகைபோல் படிந்திருக்கும். முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வில், ஒருவனுடைய எடையே அதை உடைக்கப் போதும். உடைந்தால் சரிவு முழுவதுமே பெயர்ந்து இறங்கும். மலை சினந்து ஆளை விழுங்கியது என்று நாளேடுகள் எழுதும். உண்மையில், பனிச்சறுக்கில் பனிச்சரிவுக்கு இரையானோரில் பத்தில் ஒன்பது பேர் அளவில், தாமோ தம் கூட்டத்தாரோ கிளப்பிய சரிவிலேயே இறக்கின்றனர்.

ஓடி நின்ற பனி சிமெண்டுபோல் இறுகிவிடும். புதைந்தவனால் விரலையும் அசைக்க இயலாது. பத்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. மீட்புக் குழு எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தப் பத்து நிமிடம் உடன்சென்ற தோழனின் கையிலேயே இருக்கின்றது. ஆகவே கயிறு தாண்டுவோர் ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் ஒலிபரப்பி, நீண்ட துழாவுகோல், மண்வாரி மூன்றையும் சுமக்க வேண்டும். பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். நம் பிள்ளை போன்ற புதியவர்களுக்கோ ஒரே சொல்: தாண்டாதே.

நாள்தோறும் பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு அறிவிக்கின்றனர். 2012 பிப்ரவரி 17 அன்று ஆர்ல்பெர்க் பகுதியிலுள்ள லெக் என்னும் ஊரில் அந்த எண் நான்கு. நெதர்லாந்து அரசியின் மகன் இளவரசர் ஃப்ரீசோ, அம்மலைகளைச் சிறுவயது முதல் அறிந்தவர், நண்பர் ஒருவருடன் பாதைக்கு வெளியே இறங்கினார். சரிவு அவரை மூடியது. இருபது நிமிடத்துக்கு மேல் புதைந்து கிடந்தவரை மீட்டனர். மூச்சின்றிக் கிடந்த மூளை மீளவில்லை. ஒன்றரை ஆண்டு நினைவு தெளியாதிருந்து, 2013 ஆகஸ்டில் இறந்தார். அரசியும் தாயே அன்றோ என்று கேட்ட நம் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தம் கைப்பையிலிருந்த மளிகைச் சீட்டின் பின்புறத்தை நீட்டி, "எழுதிக் கொடுங்கள், சாமி" என்றார். கீழிருப்பவனுக்கே வழி, கடையில் மெய் சொல்லவும், காலையில் எண்ணைப் பார்க்கவும், கயிற்றைத் தாண்ட வேண்டா, ஆஸ்திரிய மலை மீட்புக்கு 140 என்று எழுதினோம். பனி வெயிலைக் கண்ணில் திருப்பியடிக்குமாகையால் கண்ணாடி வேண்டும் என்பதையும், களைத்தபின் "கடைசியாக ஒருமுறை" என்று ஏற வேண்டா என்பதையும் ஓரத்தில் நெருக்கிச் சேர்த்தோம்.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். மகன் நலமாம். மூன்றாம் நாள் அபாய எண் நான்கு என்று அறிவித்தார்களாம். தோழர் இருவர் கயிற்றுக்கு அப்பால் அழைத்தும் இவன் மறுக்கவே, அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே தங்கிவிட்டனராம். "பகலெல்லாம் விடுதியிலே சீட்டாடினானாம், சாமி" என்று தயங்கிச் சொன்னார். அது பாவமாகுமோ என்ற ஐயம் அவருக்கு. காசு வைத்து ஆடினானா என்று மட்டும் கேட்டோம்.